ஒரு ரூம் கிச்சனில் பத்து நாள்

கொரோனா காலத்தில் சென்னையில் வீட்டுத் தனிமையில் இருந்தவர்களைத் தினமும் போனில் கூப்பிட்டு விசாரிக்கும் வேலையில், மறுமுனையிலிருந்து அதிகம் வந்த வார்த்தை "ஒரே ஒரு தடவை" என்பதுதான். ஒரே ஒரு தடவை குழந்தையைத் தூக்கிக்கட்டுமா மேடம். ஒரே ஒரு நாள் கடையைத் திறந்து இருக்கிற சரக்கை வித்துட்டு மூடிடறேன் சார், தக்காளி அழுகுது. மாமியாரோட ஒரே ரூம்ல முடியல, ஒரு ராத்திரி மட்டும் அம்மா வீட்டுக்குப் போயிட்டு வந்துடட்டுமா.

"கூடாது" என்று சொல்லிவிட்டு லைன் லிஸ்டில் (நோயாளிகளின் பெயர்ப்பட்டியலில்) அடுத்த பெயருக்குப் போய்விடலாம். விதிப்படி அதுதான் சரி. ஆனால் அந்தப் பதிலைக் கேட்டவர்களில் பலர் செய்யாமல் இருக்கவில்லை, எங்களிடம் சொல்லாமல் செய்தார்கள். சொல்லாமல் செய்யும்போது மாஸ்க் இல்லை, நேரக்கணக்கு இல்லை, யார் யாரோடு இருந்தோம் என்ற பட்டியலும் இல்லை. அதனால் களத்தில் இருந்தவர்கள் மெல்ல வேறொரு பழக்கத்துக்கு வந்தோம். எதை வளைத்தால் வீட்டில் இன்னொருவர் படுப்பார், எதை வளைத்தால் ஒன்றும் ஆகாது என்று பிரித்துச் சொல்வது. கொரோனா நாட்களில் கற்ற பிரிப்புதான் இது. ஃப்ளூவுக்கும் அம்மைக்கும் நாள்கணக்கு மாறும், மற்றதெல்லாம் பெரும்பாலும் பொருந்தும்.

விதி ஒரு தனி அறையைக் கேட்டது. அதை ஒட்டி ஒரு கழிப்பறையைக் கேட்டது. நாள் முழுக்கப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளைக் கேட்டது. வியாசர்பாடியிலும் ராயபுரத்திலும் திருவல்லிக்கேணி ஒண்டுக்குடித்தனங்களிலும் இருப்பதோ பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஒரு ரூம், ஒரு கிச்சன், வரிசை வீடு என்றால் ஐந்தாறு குடும்பத்துக்கு ஒரு கக்கூஸ். இடம் இல்லாதவர்களுக்குக் கோவிட் கேர் சென்டர் இருந்தது. ஆனால் படுக்கையோடு கிடக்கும் பாட்டியை விட்டுவிட்டுப் போக முடியாத மருமகள், பால் குடிக்கும் குழந்தையின் தாய், ஆட்டோவின் ராத்திரிக் காவலே தான்தான் என்றிருப்பவர் எல்லாம் வீட்டிலேயேதான் இருந்தார்கள். விதி முழுசாகச் செல்லுபடியாகாத வீட்டில் எதை முதலில் காப்பாற்றுவது என்பதே அங்கே கேள்வி.

எங்கள் பதில்: முதலில் காற்று, அடுத்து முதல் ஐந்து நாள். மற்றவை இவற்றுக்குப் பின்னால்.

2020-ன் ஆரம்பத்தில் எல்லோரும் பிளீச்சிங் பவுடரைத்தான் நம்பினோம். தட்டு, டம்ளர், துணி, கதவுப்பிடி எல்லாம் தேய்த்துக் கழுவச் சொன்னோம். வீடுகளும் அதைப் பிடித்துக்கொண்டன, ஏனென்றால் அது கண்ணுக்குத் தெரிகிற வேலை. நோயாளியின் தட்டைத் தனியே வைத்துவிட்டு, ராத்திரி ஜன்னலைச் சாத்தி ஐந்து பேரும் ஒரே மின்விசிறிக்குக் கீழே படுத்தார்கள். பிறகுதான் தெளிவாயிற்று. இந்த நோய் பெரும்பாலும் மூச்சுக்காற்றில் கலந்து, மூடிய அறையில் தேங்கி, கூட இருப்பவரைச் சேர்கிறது. தட்டைச் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும், அதே தட்டில் அடுத்தவர் சாப்பிடலாம். ஒரே பானைச் சோறு, ஒரே குழம்பு எல்லாருக்கும் ஆகும். நோயாளியின் துணியைச் சாதாரண சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துத் துவைத்து வெயிலில் போட்டால் சரி. இந்த இடத்தில் வீடு தளர்ந்தால் நாங்கள் கவலைப்பட்டதில்லை. பிளீச்சிங் பவுடரையும் ஆசிட்டையும் ஒரே நேரத்தில் கக்கூஸில் ஊற்றாதீர்கள் என்பதை மட்டும் ஒவ்வொரு வீட்டிலும் சொல்ல வேண்டியிருந்தது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். ஏற்கெனவே இருமிக்கொண்டிருப்பவருக்கு அது போதும் ஆஸ்பத்திரிக்குப் போக.

காற்றுக்கு வருவோம். ஒரே அறையில் நோயாளியை எங்கே படுக்க வைப்பது? காற்று வீட்டை விட்டு வெளியே போகும் பக்கத்தில். நல்லவர்கள் காற்று உள்ளே வரும் பக்கத்தில். இதைக் கண்டுபிடிக்கக் கருவி வேண்டாம், ஓர் ஊதுபத்தி போதும். மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஜன்னலருகே ஒன்று, வாசலருகே ஒன்று என்று பத்தியைப் பிடித்துப் பாருங்கள். புகை எந்தப் பக்கம் சாய்ந்து வெளியேறுகிறதோ அதுதான் நோயாளியின் பாய் போட வேண்டிய பக்கம். தனி அறை இருக்கிற வீட்டில் அறைக்கதவின் அடி இடுக்கில் பத்தியைப் பிடியுங்கள். புகை அறைக்குள்ளே இழுக்கப்பட்டால் நல்லது. அறையிலிருந்து கூடத்துக்கு வந்தால், நோயாளி விடுகிற மூச்சும் அதே வழியாகத்தான் வருகிறது.

சென்னையில் இதை ஒரு தடவை பார்த்தால் போதாது. கோடையில் காலையில் மேற்கிலிருந்து தரைக்காற்று அடிக்கும். மதியத்தை ஒட்டிக் கடற்காற்று திரும்பி, கிழக்கிலிருந்தோ தென்கிழக்கிலிருந்தோ வரும். காலையில் காற்றை வெளியே தள்ளிய கிழக்கு ஜன்னல், மூன்று மணிக்கு அதே காற்றை உள்ளே கொண்டு வந்து நோயாளியின் மேல் அடித்து, அடுப்படிப் பக்கம் தள்ளும். காலையில் பார்த்து "கரெக்டா இருக்கு" என்று விட்டுவிட்ட வீடுகளில் சாயங்காலம் நேர்மாறாக இருந்தது. பாய் இடம் மாற வேண்டும், அல்லது ஜன்னலில் ஒரு டேபிள் ஃபேனை வெளியே பார்த்து வைத்துக் காற்றின் போக்கை நாமே தீர்மானிக்க வேண்டும். டேபிள் ஃபேன் நோயாளிக்குப் பின்னால் நின்று வீட்டைப் பார்த்து ஓடினால், அது இல்லாமலிருப்பதைவிட மோசம். சீலிங் ஃபேன் அறையின் காற்றைக் கலக்குமே தவிர வெளியே அனுப்பாது. மே மாதத்தில் அதை நிறுத்தச் சொல்வது நடக்காத பேச்சு. இரண்டு பக்கமும் திறந்து வைத்துக்கொண்டு ஓடவிடுங்கள்.

ஆறு மணிக்கு மேல் ஜன்னல் மூடுவது கொசுவால். இதைத் திட்டிப் பயனில்லை. ஓரங்களில் ஒட்டிக்கொள்ளும் கொசுவலையை அளவெடுத்துப் போட்டுவிட்டால் ராத்திரி முழுக்க ஜன்னல் திறந்திருக்கும். எங்கள் அனுபவத்தில் ஒரு டப்பா சானிடைசரைவிட அந்த வலை அதிகம் உதவியது. பக்கத்து வீட்டுக்காரர் "உங்க காத்து எங்க வீட்டுக்கு வருது" என்று சண்டைக்கு வருவதும் உண்டு. வெளிக்காற்றில் கலந்தால் நீர்த்துப்போகும் என்று பொறுமையாகச் சொல்ல வேண்டும். ஆனால் மூன்றடிச் சந்தில் ஜன்னலுக்கு நேர் ஜன்னல் என்றால் அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. வேறு பக்கம் திறக்க வழி பார்க்க வேண்டும்.

இரண்டு பெட்ரூம் ஃபிளாட்டுகளில் பிரச்சினை வேறு. ஏசி ஒரு ரூமில்தான் இருக்கும். அப்பாவுக்குப் பாசிட்டிவ், மூன்று நாள் ஹாலில் படுத்துவிட்டு நாலாம் நாள் புழுக்கம் தாங்காமல் ஏசி ரூமில் குழந்தைகளோடு மூலையில் ஒதுங்கிப் படுப்பார். "தள்ளித்தான் படுத்தேன்" என்பார். ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை எடுப்பதில்லை. உள்ளே இருப்பதையே குளிரவைத்துச் சுற்றுகிறது. எட்டு மணி நேரம் மூடிய அறையில் ஆறடி தள்ளிப் படுப்பதற்கும் பக்கத்தில் படுப்பதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. எதை வளைத்தாலும் இதை வளைக்காதீர்கள் என்று நாங்கள் குரலை உயர்த்திச் சொன்னது இந்த ஒன்றைத்தான். வழி இருக்கிறது. ஏசி ரூமை நோயாளிக்கே கொடுத்துவிடுங்கள். கதவின் அடியில் பழைய வேட்டியைச் சுருட்டி வையுங்கள். அறையோடு சேர்ந்த பாத்ரூமில் எக்ஸாஸ்ட் ஃபேன் இருந்தால் இடைவிடாமல் ஓடட்டும், அது அறைக்காற்றை வெளியே இழுத்துக்கொண்டே இருக்கும். மற்றவர்களுக்குப் பத்து நாள் வேர்க்கும். வேர்வையால் யாருக்கும் சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவு) இறங்குவதில்லை.

பொதுக் கழிப்பறைக்கு நேரம்தான் மருந்து. காலை ஏழிலிருந்து ஒன்பது வரை எல்லோரும் வரிசையில் நிற்கும்போது நோயாளி அங்கே நிற்கக் கூடாது. கூட்டம் ஓய்ந்த பிறகு, எல்லோருக்கும் கடைசியாக, மாஸ்க்கோடு போகட்டும். தனி பக்கெட், தனி மக். முடித்ததும் ஒரு முழு பக்கெட் தண்ணீர். கழிப்பறைச் சுவரின் மேலே காற்றுக்கு விட்டிருக்கும் திறப்பில் அட்டையோ துணியோ அடைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். அரை மணி நேரம் கழித்து அடுத்தவர் போகலாம். இதற்கு வரிசை வீட்டில் எல்லாருக்கும் விஷயம் தெரிந்திருக்க வேண்டும். அங்கேதான் தடுக்கியது. சொன்னால் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் விடமாட்டார்கள் என்று பயந்து சொல்லாதவர்கள், காலைக் கூட்டத்திலேயே மாஸ்க் இல்லாமல் போய் நின்றார்கள். மாஸ்க் போட்டால் சந்தேகம் வருமே.

நாள்கணக்கு எப்படி மாறியது என்று மக்கள் கோபமாகக் கேட்டார்கள். நியாயமான கோபம். 2020 மே மாத வழிகாட்டுதலில் அறிகுறி தொடங்கியதிலிருந்து 17 நாள். ஜூலையில் 10 நாள், அதில் கடைசி 3 நாள் காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும். 2022 ஜனவரியில் பாசிட்டிவ் வந்ததிலிருந்து 7 நாள். "அப்போ முன்னாடி சொன்னது பொய்யா?" பொய் இல்லை. தொற்றும் வேகம் அறிகுறி தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பிருந்து, அறிகுறி வந்த முதல் சில நாள்வரை உச்சத்தில் இருக்கிறது, பிறகு இறங்குகிறது. இது போகப்போகத்தான் தெளிவாகத் தெரிந்தது. எட்டாம் நாள், பத்தாம் நாள்வரை கொஞ்சம் மிச்சம் இருக்கலாம். ஆனால் இரண்டாம் நாள் ஒருவர் கூடத்தில் உட்கார்ந்து டிவி பார்ப்பதும், ஒன்பதாம் நாள் மாஸ்க்கோடு வராந்தாவில் உட்காருவதும் ஒரே தப்பு கிடையாது.

எண்ணுவதிலும் குழப்பம். திங்கட்கிழமை காய்ச்சல், புதன்கிழமை ஸ்வாப், வெள்ளிக்கிழமை ரிசல்ட் என்றால், வீடு வெள்ளியிலிருந்துதான் ஒதுங்க ஆரம்பிக்கும். அதிகம் பரவுகிற நாலைந்து நாளும் அதற்குள் கழிந்துவிடும். ரிசல்ட்டுக்குக் காத்திருக்காமல் தொண்டை கரகரத்த அன்றே பாயைப் பிரித்துப் போடுங்கள் என்று சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டது. காய்ச்சல் இல்லாத 3 நாள் என்றால் மாத்திரை போடாமல் காய்ச்சல் இல்லாத 3 நாள். ஆறு மணி நேரத்துக்கு ஒரு டோலோ போட்டுக்கொண்டு "டெம்பரேச்சரே இல்ல மேடம்" என்பது கணக்கில் வராது.

குடும்பத்தைச் சம்மதிக்க வைக்க ஒரு கணக்கு உதவியது. கூட இருந்தவர்களுக்கு, நோயாளியோடு கடைசியாகப் பழகிய நாளிலிருந்து 14 நாள். முதல் நாளே ஒழுங்காகப் பிரிந்துவிட்டால் வீடு மொத்தமும் 14 நாளில் வெளியே வரலாம். பத்து நாளும் சேர்ந்தே புழங்கினால் பத்தாம் நாள்தான் "கடைசிப் பழக்கம்", அதன் மேல் 14, ஆக 24. நடுவில் இன்னொருவர் பாசிட்டிவ் ஆனால் மறுபடி முதலிலிருந்து. ஐந்து பேர் வீட்டில் ஒன்றரை மாதம் ஓடியதெல்லாம் இப்படித்தான். நோயைச் சொல்லி மசியாத தினக்கூலிக்காரர்கள், இந்த 14-க்கும் 24-க்கும் நடுவில் இருக்கும் பத்து நாள் கூலியைச் சொன்னதும் அன்றே திரைச்சீலை கட்டினார்கள்.

இனி, வீடுகள் தலைகீழாகச் செய்த விஷயம். முதல் ஐந்து நாள் எல்லோரும் பயந்து ஒதுங்கி இருப்பார்கள். ஆறாம் நாள் காய்ச்சல் விடும். "அப்பாடா" என்று நிம்மதியாகி விசாரிப்பதை நிறுத்திவிடுவார்கள். நோயாளிக்கு ஆபத்தான காலமோ அப்போதுதான் தொடங்குகிறது. அறிகுறி வந்த ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாள்வரை, சிலருக்கு மூச்சுத்திணறலே தெரியாமல் ஆக்ஸிஜன் இறங்கும். முதல் ஐந்து நாளைக்கு வேண்டியது தூரம், அடுத்த ஐந்து நாளைக்கு வேண்டியது கண்காணிப்பு. விதியை எங்கேயாவது தளர்த்தியே ஆக வேண்டும் என்றால், இரண்டாம் பாதியில், நோயாளியின் பக்கத்தில் போய்ப் பார்ப்பதற்காகத் தளர்த்துங்கள். மாஸ்க்கோடு போங்கள், ஜன்னல் திறந்திருக்கட்டும், கால் மணி நேரம் உட்காருங்கள். முகத்தைப் பாருங்கள், பேச வையுங்கள். ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் மூச்சு வாங்கினால் அது போனில் சரியாகத் தெரியாது.

விரலில் மாட்டி சாச்சுரேஷன் பார்க்கும் ஆக்ஸிமீட்டரை வாங்கி வைத்தவர்கள் அதிகம், சரியாகப் பார்த்தவர்கள் குறைவு. ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்த பிறகு பாருங்கள். கை சில்லென்று இருந்தால் தேய்த்துச் சூடாக்குங்கள். நெயில் பாலிஷ் அழித்திருக்க வேண்டும், மருதாணிச் சிவப்பு ஏறிய விரல் வேண்டாம். நடுவிரலிலோ ஆள்காட்டி விரலிலோ மாட்டி, கையை மார்பளவில் அசையாமல் ஒரு நிமிடம் வைத்து, எண் நிலைத்த பிறகு எழுதுங்கள். மாட்டியவுடன் 88 காட்டியது என்று அலறி ஓடியவர்களும் உண்டு, ஒரு நொடி 98 காட்டியதை மட்டும் எழுதிக்கொண்டவர்களும் உண்டு. கறுத்த தோலில் இந்தக் கருவி உண்மையைவிடக் கொஞ்சம் கூட்டிக் காட்டக்கூடும். அதனால் ஒற்றை எண்ணைவிட இறங்குமுகத்தை நம்புங்கள். நேற்று 98, இன்று காலை 96, ராத்திரி 95 என்றால் அது நல்ல செய்தி இல்லை. உட்கார்ந்திருக்கும்போது சரியாக இருந்தால், அறைக்குள்ளேயே 6 நிமிடம் நடக்க வைத்துப் பாருங்கள். 94-க்குக் கீழே போனாலோ 3 புள்ளி குறைந்தாலோ 108-ஐக் கூப்பிடுங்கள். அது வரும்வரை குப்புறப் படுக்கட்டும்.

அறைக்கதவை உள்தாழ் போட விடாதீர்கள். பாத்ரூமையும்தான். தனிமை என்றதும் பலர் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டார்கள். எட்டாம் நாள் சாச்சுரேஷன் இறங்கி பாத்ரூமில் மயங்கினால், கதவை உடைக்க ஆள் தேட வேண்டும். பாத்ரூமில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் போடுங்கள், போனைக் கையோடு எடுத்துப் போகச் சொல்லுங்கள். ராத்திரி பத்து, இரண்டு, ஆறு மணிக்கு யாராவது ஒருவர் அலாரம் வைத்து எழுந்து பேச்சுக் கொடுக்க வேண்டும்.

பேச்சு என்றதும் வீட்டுச் சண்டைகளைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. "யார் கொண்டு வந்தது?" என்ற ஒரு கேள்வி எத்தனை வீட்டைப் பிளந்தது என்பதை எங்கள் போன்கள் அறியும். முதலில் காய்ச்சல் வந்தவர்தான் கொண்டு வந்தவர் என்று வீடு தீர்ப்பு எழுதிவிடும். அது சரியாக இருக்க வேண்டியதில்லை. கிருமி உள்ளே போய் அறிகுறி காட்ட ஒருவருக்கு மூன்று நாள் ஆகலாம், இன்னொருவருக்குப் பத்து நாள். அறிகுறியே இல்லாமல் கடந்து போனவரும் அந்த வீட்டிலேயே இருக்கலாம். நாங்களும் ஆரம்பத்தில் "உங்களுக்கு எங்கிருந்து வந்துச்சு?" என்றுதான் கேட்டோம். கேட்டவுடன் பின்னால் மாமியாரோ மைத்துனரோ பேசத் தொடங்கிவிடுவார்கள். பிறகு "யார் யாருக்கு இதைச் சொல்லணும்? நீங்க சொல்றீங்களா, நாங்க சொல்லட்டுமா?" என்று மாற்றிக் கேட்டோம். பட்டியல் அதேதான், ஆனால் உண்மையாக வந்தது.

பெண் படுத்த வீடும் ஆண் படுத்த வீடும் ஒன்றல்ல. கணவருக்கு வந்தால் அறை வாசலில் முக்காலி போட்டு மூன்று வேளைச் சாப்பாடு போகும். மனைவிக்கு வந்தால் மூன்றாம் நாள் காய்ச்சலோடு அவரே எழுந்து அடுப்படிக்கு வந்துவிடுவார். "நான் பாட்டுக்குப் படுத்துட்டா இதுங்க என்ன சாப்பிடும்?" இது விதிமீறலே இல்லை, வீட்டில் இன்னொருவர் சோறு வடிக்கக் கற்காததன் விலை. எங்கள் யோசனை சுருக்கம்தான்: முதல் ஐந்து நாளைக்குச் சமையலை முழுசாக விட்டுவிடுங்கள். பக்கத்து மெஸ்ஸில் சொல்லி வைக்கலாம். அம்மா உணவகத்தில் இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து ரூபாய். மாவு வாங்கி வைத்தால் பதினைந்து வயதுப் பையன் தோசை வார்ப்பான். வேறு ஆளே இல்லை என்றால், அடுப்படி ஜன்னல் திறந்து, எக்ஸாஸ்ட் ஓட, மாஸ்க்கோடு அவர் மட்டும் நின்று ஒரே வேளையில் அன்றைக்கு வேண்டியதை முடித்துவிட்டு வெளியே வரட்டும். அரை மணி நேரம் கழித்து மற்றவர்கள் உள்ளே போகட்டும். சமைத்த சோற்றால் நோய் வராது. அந்தச் சின்ன அடுப்படியில் கூட நின்று பேசினால் வரும். பால் கொடுக்கும் தாய்மார்கள் கொடுப்பதை நிறுத்தக் கூடாது. கை கழுவி, மாஸ்க் போட்டு, கொடுக்கலாம். பாட்டி குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு புட்டிப்பாலுக்குப் போன வீடுகளில் எங்களால் சும்மா இருக்க முடியவில்லை.

அடி விழுகிற வீட்டில் தனிமை விதி கிடையாது. இதைத் தயங்காமல் எழுதுகிறோம். அடைத்த கதவுக்குள் ஒரு பெண்ணோ குழந்தையோ அடி வாங்கிக்கொண்டிருந்தால், பாசிட்டிவ் என்றாலும் நெகட்டிவ் என்றாலும், மாஸ்க்கை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட வேண்டும். எங்கே போகிறோம் என்று அங்கே இருப்பவரிடம் முன்கூட்டியே சொன்னால் ஒரு ஜன்னலோர மூலை தயாராக இருக்கும். பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098. போனில் விசாரிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: பக்கத்தில் ஆள் இருக்கும்போது "வீட்ல பிரச்சினையா?" என்று கேட்டால் "அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்றுதான் வரும். ஆமாம், இல்லை என்று மட்டும் பதில் சொல்லும்படி கேளுங்கள். சாச்சுரேஷன் கேட்கிற அதே குரலில் கேளுங்கள்.

வெறும் மனக்கசப்பு என்றால் வேறு கணக்கு. மாமியாரும் மருமகளும் பத்து நாள் ஒரே அறையில் முகம் பார்த்துக்கொண்டு இருப்பது யாருக்கும் முடியாத காரியம். மொட்டை மாடி அதற்குத்தான். காலை ஆறிலிருந்து ஏழு வரை, ராத்திரி ஒன்பதுக்கு மேல், தனியாக, மாஸ்க்கோடு, படிக்கட்டில் யாரும் வராத நேரத்தில் நோயாளி மாடிக்குப் போய் ஒரு மணி நேரம் இருக்கலாம். காகிதத்தில் இது மீறல். எங்கள் அனுபவத்தில், இந்த ஒரு மணி நேரத்தைக் கொடுத்தவர்கள் பத்து நாளை முடித்தார்கள், கொடுக்காதவர்கள் ஆறாம் நாள் வாக்குவாதத்தில் வண்டியை எடுத்துக்கொண்டு நண்பர் வீட்டுக்குப் போனார்கள். பெரும்பாக்கம் போன்ற அடுக்குமாடிகளில் லிஃப்டை விட்டுவிட்டுப் படியில் ஏறச் சொன்னோம். மூச்சு வாங்குபவர் என்றால் ஏறவே வேண்டாம், திறந்த வராந்தா முனை போதும்.

சாவு வீடுதான் மிகக் கடினம். தகப்பன் இறந்துவிட்டார், கொள்ளி வைக்க வேண்டிய மகன் மூன்றாம் நாள் பாசிட்டிவில் இருக்கிறார். போகாதே என்று சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை, ஆனாலும் சொன்னோம். ஐஸ் பெட்டியைச் சுற்றி ஒரு சின்னக் கூடத்தில் ஐம்பது பேர், அழுகை, கட்டிப்பிடிப்பது, பாதிப் பேர் அறுபது தாண்டியவர்கள். மூன்றாம் நாள் தொற்றோடு அங்கே போவது அடுத்த சாவுக்கு வழி. எட்டாம் நாளுக்கு மேல், மாத்திரை இல்லாமலே காய்ச்சல் இல்லை என்றால், வீட்டுக்குப் போகாமல், யாரோடும் வண்டியில் ஏறாமல், சொந்த வண்டியில் நேராகச் சுடுகாட்டுக்கு, நன்றாகப் பொருந்திய என்95 போட்டுக்கொண்டு, திறந்த வெளியில் தள்ளி நின்று, கால் மணி நேரத்தில் திரும்பிவிடச் சொன்னோம். போக முடியாத மகன்களுக்குப் பெரியவர்களே ஒரு வழி சொன்னார்கள். கொள்ளியைத் தம்பியோ பங்காளியோ வைக்கட்டும், பதினாறாம் நாள் காரியத்தை இவரே முழுசாகச் செய்யட்டும். பதினாறுக்குள் தனிமையும் முடிந்திருக்கும்.

கூலிக்குப் போவது பற்றி நாங்கள் ஒழுக்கம் பேசியதில்லை. வீட்டு வேலை செய்யும் அக்காக்களில் பலர், லீவு சொன்னால் வேறு ஆள் வைத்துவிடுவார்கள் என்று காய்ச்சலை மறைத்துப் போனார்கள். அங்கே விதியைக் காப்பாற்றியிருக்க வேண்டியவர் வேலை கொடுத்தவர்: பத்து நாள் சம்பளத்தைப் பிடிக்கமாட்டேன் என்று நோய் வருவதற்கு முன்பே ஒரு வார்த்தை. கம்பெனியில் ஈஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) பிடித்தம் உள்ளவர்கள், மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை வாங்குபவர்கள், மருத்துவச் சான்று வாங்கினால் விடுப்பு நாளுக்குச் சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும், வருஷத்துக்கு 91 நாள்வரை. தேவையான அளவு நாட்கள் சந்தா கட்டியிருக்க வேண்டும். அட்டை பர்ஸிலேயே இருக்க, இது தெரியாமல் மாத்திரை போட்டுக்கொண்டு ஷிஃப்டுக்குப் போனவர்கள் நிறையப் பேர்.

குடிப்பழக்கம் இருப்பவர்களைப் பற்றி யாரும் எச்சரிக்கவில்லை, நாங்களே பட்டுத் தெரிந்துகொண்டோம். 2020 மார்ச் கடைசியிலிருந்து ஆகஸ்ட் 18 வரை சென்னையில் டாஸ்மாக் கடைகள் மூடியிருந்தன. தினமும் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் முதல் நாளே கைநடுக்கம், வேர்வை. ஓரிரு நாளில் வலிப்பு வரலாம். இரண்டிலிருந்து நாலாம் நாளுக்குள் இல்லாததைப் பார்த்துப் பேசும் குழப்பம் வரலாம். வீடு இதைக் கொரோனா மூளைக்கு ஏறிவிட்டது என்றோ, வெளியே போக நடிக்கிறார் என்றோ எடுத்துக்கொண்டு கதவைப் பூட்டும். பூட்டக் கூடாது. உயிருக்கே ஆபத்தான நிலை அது, மருந்து இருக்கிறது. முதல் போனிலேயே "தினமும் குடிப்பாரா?" என்று வெட்கமில்லாமல் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். டாக்டரிடம் மனைவி அதை மறைக்கக் கூடாது.

இவ்வளவு போராடிய அதே வீடுகள், அம்மை போட்டால் யாரும் சொல்லாமலே ஒதுங்கும். வாசலில் வேப்பிலை செருகிவிட்டால் வெளியாள் உள்ளே வரமாட்டார்கள், வீட்டாரும் அடுத்த வீட்டுக்குப் போகமாட்டார்கள், தாளிப்புக் கூட நிற்கும். ஒற்றைப்படை நாளாகப் பார்த்துத் தலைக்கு மூன்று தண்ணீர் ஊற்றி முடிப்பதற்குள், கொப்புளமெல்லாம் பொருக்குத் தட்டிப் பரவும் காலமும் ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. வேப்பிலையில் மரியாதை இருக்கிறது. "ஆத்தா வந்திருக்கா" என்று சொல்ல யாருக்கும் கூச்சமில்லை. கொரோனா வந்த வீட்டுக் கதவில் ஒட்டிய ஸ்டிக்கரில் அது இல்லை. சில தெருக்களில் வழியை மறித்துத் தகரமே அடித்தார்கள். ஒதுங்கச் சொன்னது இரண்டும் ஒன்றைத்தான், ஆனால் ஒன்றைக் கண்டு தெரு பயபக்தியோடு விலகியது, இன்னொன்றைப் பார்த்து விரல் நீட்டியது. அம்மை வீட்டிலும் ஒரு விஷயத்தில் மட்டும் பழக்கத்தை மீறச் சொல்வோம். கர்ப்பிணி, பச்சைக்குழந்தை, இருமலோடு மூச்சு வாங்கும் பெரியவர் இருந்தால், தண்ணீர் ஊற்றும்வரை காத்திருக்காமல் டாக்டரிடம் போக வேண்டும்.

2020 டிசம்பர் 9-ல் உச்ச நீதிமன்றம், பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் கீழ் உரிய அதிகாரி உத்தரவிட்டால் ஒழிய, நோயாளிகளின் வீட்டு வாசலில் அறிவிப்பு ஒட்டக் கூடாது என்றது. அதற்கு முன் ஒட்டியவை பல வீடுகளில் தேதி முடிந்த பிறகும் மாதக்கணக்கில் அப்படியே இருந்தன. தாங்களே கிழித்தால் கேஸ் வருமோ என்று பயந்து விட்டுவைத்தார்கள். நாள் முடிந்த வீட்டுக்குக் கடைசியாகப் போகும்போது ஒரு துணியும் தேங்காய் எண்ணெயும் எடுத்துப் போவது நல்லது. மேல் காகிதத்தை வெந்நீர்த் துணியால் ஐந்து நிமிடம் ஊறவைத்து உரித்துவிட்டு, மிஞ்சிய பசையில் எண்ணெய் தடவிப் பத்து நிமிடம் விட்டு, பழைய ஏடிஎம் கார்டால் சுரண்டினால் பெயின்ட் உரியாமல் வந்துவிடும். அந்தப் பத்து நிமிடம் வாசலிலேயே நின்று, வீட்டில் வேறு யாருக்காவது தொண்டை கரகரக்கிறதா என்று கேளுங்கள். பார்த்துக்கொண்டவருக்கு அன்றைக்குத்தான் உடம்பு வலி ஆரம்பித்திருக்கும்.